எந்தப் புழு என்று தெரிந்த பிறகே மருந்து
பூனை வளர்ப்பு: வாசகர் கேள்விகளும் கால்நடை மருத்துவரின் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருந்தன: பூனையின் குடலில் வாழும் ஒட்டுண்ணிகள். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். சில கடிதங்களை இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் ஆண் பூனைக்கு நான்கு வயது. அதன் வாலடியில் அரிசி போன்ற வெண்ணிறத் துணுக்குகள் ஒட்டியிருக்கின்றன. அவற்றில் சில நெளிகின்றன. மருந்துக் கடையில் கேட்டுப் பூச்சி மருந்து வாங்கிக் கொடுத்தேன், பயனே இல்லை. பிறகு வேறொரு மருந்து கொடுத்ததும் நின்றது. ஆனால் ஒரு மாதத்திற்குள் மீண்டும் வந்துவிட்டது. புழுக்கள் மருந்துக்குப் பழகிவிட்டனவா?

பதில்: பழகவில்லை என்றே நினைக்கிறேன். முதல் மருந்து வேலை செய்யாததற்கு ஒரு காரணம், இரண்டாம் மருந்துக்குப் பின் புழு திரும்பியதற்கு வேறொரு காரணம். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நீங்கள் பார்த்தவை முழுப் புழுக்கள் அல்ல. குடலுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் நாடாப்புழுவின் உடலிலிருந்து கழன்று வெளிவரும் கணுக்கள். ஒவ்வொரு கணுவும் முட்டைகள் நிறைந்த ஒரு பை. புதிதாக வெளிவரும்போது அது வெள்ளரி விதையின் வடிவில், ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளத்தில், சுருங்கியும் நீண்டும் தானாக நகரும். காய்ந்துவிட்டால் எள்ளைப்போலச் சிறுத்துப் பழுப்பேறி, பூனை படுத்தெழுந்த துணியில் கிடக்கும். பூனைகளில் இத்தகைய கணுக்களைப் பெரும்பாலும் உதிர்ப்பது டிபிலிடியம் கேனைனம் என்னும் நாடாப்புழு.

‘பூச்சி மருந்து’ என்ற ஒரே பெயரில் விற்கப்படுபவை எல்லாம் ஒரே மருந்து அல்ல. மிகப் பரவலாகக் கிடைக்கும் பைரான்டெல், உருளைப்புழுவையும் கொக்கிப்புழுவையும் வெளியேற்றும். நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. நீங்கள் முதலில் கொடுத்தது அதுவாகவோ அதைப் போன்றதாகவோ இருந்திருக்க வேண்டும். நாடாப்புழுவுக்குரியது பிராசிகுவாண்டல், உங்கள் இரண்டாவது மருந்தில் அது இருந்திருக்கும். உறையின் முகப்பில் உள்ள பூனைப் படத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயரைப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டால் இந்தக் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

அடுத்து, புழு ஏன் திரும்பியது? இந்தப் புழுவின் முட்டையைப் பூனை நேரடியாக விழுங்கினால் அதற்கு எதுவும் ஆகாது. தரையிலும் படுக்கையிலும் உதிரும் அந்த முட்டைகளைத் தெள்ளுப்பூச்சியின் இளம்புழுக்கள் தின்கின்றன. அவை வளர்ந்து தெள்ளுப்பூச்சியாகிப் பூனையின் மேல் ஏறும்போது நாடாப்புழுவின் இளநிலையைத் தம் வயிற்றில் சுமந்து வருகின்றன. பூனை தன் உடலை நக்கிச் சுத்தம் செய்கையில் அந்தப் பூச்சியை விழுங்கிவிடுகிறது. விழுங்கியதிலிருந்து மூன்று வாரங்களில் புதிய கணுக்கள் வெளிவரத் தொடங்கும். நீங்கள் சொல்லும் ‘ஒரு மாதம்’ இந்தக் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது.

எனவே உங்கள் பூனைக்கு இப்போது தேவையானது பிராசிகுவாண்டல் மட்டுமல்ல, தெள்ளுப்பூச்சி ஒழிப்பும்தான். பூனையின் மேல் கண்ணுக்குத் தெரியும் பூச்சிகள் சிறு பகுதியே. முட்டைகளும் இளம்புழுக்களும் கூட்டுப்புழுக்களும் தரை இடுக்கிலும் விரிப்பிலும் மெத்தையிலும் இருக்கின்றன. கூட்டுக்குள் இருக்கும் பூச்சி பல மாதங்கள்கூட வெளியே வராமல் காத்திருக்கக்கூடியது. ஆகையால் வீட்டிலுள்ள பூனை, நாய் அனைத்துக்கும் ஒரே நேரத்தில் அவற்றுக்கேற்ற தெள்ளு மருந்தைத் தொடங்கி, குறைந்தது மூன்று மாதங்கள் இடைவிடாமல் கொடுக்க வேண்டும். படுக்கைத் துணிகளை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைப்பதும், தரையையும் இருக்கைகளையும் அடிக்கடி தூசி உறிஞ்சும் கருவியால் சுத்தம் செய்வதும் இதன் பகுதிகள். ‘எங்கள் பூனையின் மேல் ஒரு தெள்ளுகூட இல்லையே’ என்று பலர் என்னிடம் வாதிட்டதுண்டு. நன்றாக நக்கிக்கொள்ளும் பூனையின் மேல் தெள்ளு தென்படாது. அது பூனையின் வயிற்றுக்குள் போய்விட்டது என்பதற்குத்தான் அந்தக் கணுக்கள் சாட்சி.

உங்கள் பூனை எலி பிடித்துத் தின்னும் பழக்கமுள்ளது என்றால், டீனியா வகையைச் சேர்ந்த வேறொரு நாடாப்புழுவும் இருக்கலாம். அதற்கும் மருந்து அதேதான். வேட்டை தொடரும்வரை தொற்றும் தொடரும் என்பதால், மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் மருந்தையும் தொடர வேண்டியிருக்கும்.

மருந்து கொடுத்த பிறகு செத்த நாடாப்புழு வெளியே வரவில்லை என்று கவலைப்பட வேண்டாம். பிராசிகுவாண்டல் பட்டதும் புழு தன் பாதுகாப்பை இழந்து குடலிலேயே செரித்துவிடுவதால், பெரும்பாலும் எதுவும் கண்ணில் படாது.

கேள்வி: ஆறு வாரப் பூனைக்குட்டி ஒன்றை எடுத்து வந்தோம். உடம்பு மெலிந்து, வயிறு மட்டும் உப்பியிருக்கிறது. நேற்று நீளமான வெள்ளைப் புழு ஒன்றை வாந்தி எடுத்தது. மலப் பரிசோதனை செய்த பிறகுதான் மருந்து கொடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். எந்தப் புழு என்று அறிந்து மருந்து கொடுங்கள் என்பதே நான் வழக்கமாகச் சொல்வது. பூனைக்குட்டிகள் அதற்கு விதிவிலக்கு. மேலும், உங்கள் குட்டி விடையை வாந்தியாகவே எடுத்துக் காட்டிவிட்டது. நூல்போல் நீண்டு, இரு முனையும் கூர்ந்து, பால் நிறத்தில் சுருளும் அந்தப் புழு உருளைப்புழு. பூனைகளில் பெரும்பாலும் காணப்படுவது டாக்சோகாரா கேட்டி என்னும் இனம். முழுவளர்ச்சி பெற்ற பெண்புழு 10 சென்டிமீட்டர் வரை இருக்கும்.

குட்டிக்கு இது எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் சிகிச்சையின் முறையும் விளங்கும். தாய்ப்பூனையின் உடலுக்குள் புகுந்த இளம்புழுக்கள் பாலின் வழியாகக் குட்டியைச் சென்றடைகின்றன. நாய்க்குட்டிக்குத் தாயின் கருப்பையிலேயே இவ்வகைப் புழு தொற்றுவதுண்டு. பூனைக்குட்டிக்கு அப்படித் தொற்றுவதில்லை, பாலே முக்கிய வழி. முட்டையை விழுங்கினாலோ, இளம்புழுக்களைச் சுமந்த எலியைத் தின்றாலோகூட வரும். முட்டை வழியாகப் புகுந்த இளம்புழுக்கள் கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் பயணம் செய்து, இருமும்போது தொண்டைக்கு ஏறி, மீண்டும் விழுங்கப்பட்டுக் குடலில் வந்து வளர்கின்றன. சில குட்டிகள் இருமுவதற்கு இதுவே காரணம்.

பைரான்டெல் குடலில் இருக்கும் புழுவைச் செயலிழக்கச் செய்து வெளியேற்றும். உடலுக்குள் பயணத்தில் இருக்கும் இளம்புழுவை எட்டாது. இன்று மருந்து கொடுத்துக் குடலைக் காலி செய்தாலும், அடுத்த வாரமே ஒரு புதிய கூட்டம் வந்து குடியேறும். ஆகையால்தான் குட்டி பிறந்த மூன்றாம் வாரத்தில் தொடங்கி, இரண்டு வாரத்திற்கு ஒருமுறை, பால்குடி மறந்து இரண்டு வாரங்கள் ஆகும்வரை மருந்து கொடுத்து, பிறகு ஆறு மாத வயதுவரை மாதம் ஒருமுறை தொடருமாறு சொல்கிறோம். தாய்ப்பூனை உடன் இருந்தால் அதற்கும் அதே நாளில் கொடுக்க வேண்டும். ஒரே தவணையோடு நிறுத்திவிட்டு ‘மருந்து கேட்கவில்லை’ என்று சொல்பவர்களுக்கு நான் தரும் விளக்கமும் இதுதான்.

மருந்தின் அளவை வயதை வைத்து ஊகிக்காதீர்கள். சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து, அதில் குட்டியை உட்கார வைத்து எடை பாருங்கள். அந்த எடைக்குரிய அளவை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். ஆறு வாரக் குட்டிகளின் எடை ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபடும், அதிலும் புழு நிறைந்த குட்டி வயதுக்கேற்ற எடையில் இருக்காது. மருந்துக்குப் பின் ஓரிரு நாள் மலத்தில் புழுக்கள் வருவது இயல்பே. ஆனால் குட்டி தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, வயிறு கல்லாக இறுகினாலோ, உணவை மறுத்துச் சுருண்டு படுத்தாலோ, புழுக்கள் திரண்டு குடலை அடைத்திருக்கக்கூடும். அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

கேள்வி: என் பூனைக்கு ஒரு வயது. இரண்டு மாதமாக மலம் இளகி, நாற்றத்துடன் போகிறது. சில நாள் சளியும் இரத்தத் துளியும் இருக்கின்றன. மலப் பரிசோதனையில் ‘ஒட்டுண்ணி எதுவும் இல்லை’ என்று வந்துவிட்டது. பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று. இனி என்ன செய்வது?

பதில்: அந்த அறிக்கையை ‘இந்த மாதிரியில், இந்த முறையில், எதுவும் தென்படவில்லை’ என்று படியுங்கள். வழக்கமான பரிசோதனையில், அடர்த்தியான உப்புக் கரைசலில் மலத்தைக் கரைத்து, மேலே மிதந்து வரும் முட்டைகளை நுண்ணோக்கியில் தேடுகிறோம். உருளைப்புழு, கொக்கிப்புழு ஆகியவற்றின் முட்டைகள் இதில் நன்றாக அகப்படும். நாடாப்புழுவின் முட்டைகள் கணுவுக்குள் அடைந்து வெளியேறுவதால் பெரும்பாலும் அகப்படாது. உங்கள் பூனையின் நோய்க்குறிகளோ புழுவைவிட ஓரணு உயிரிகளையே நினைவூட்டுகின்றன. அவற்றில் இரண்டைச் சொல்கிறேன்.

முதலாவது ஜியார்டியா. இது சிறுகுடலில் வாழ்வது. மலம் வெளிறி, கொழுப்புப் படிந்ததுபோல், கடும் நாற்றத்துடன் போகும். இதன் உறைநிலைகள், அதாவது உறைக்குள் அடங்கி வெளியேறித் தொற்றைப் பரப்பும் வடிவங்கள், எல்லா நாளும் மலத்தில் வருவதில்லை. வந்தாலும் அடர்ந்த உப்புக் கரைசலில் உருச்சிதைந்து கண்ணுக்குத் தப்பிவிடும். எனவே மூன்று வெவ்வேறு நாள் மலத்தைச் சேர்த்துப் பார்ப்பதும், அதன் புரதத்தைக் கண்டறியும் எலிசா வகைச் சோதனை செய்வதும் நல்லது. ஃபென்பெண்டசோலை, கிலோ எடைக்கு 50 மில்லிகிராம் வீதம் தினம் ஒருமுறை, 3 முதல் 5 நாள்கள் மருத்துவர் தருவார். சில நேரங்களில் மெட்ரோனிடசோல் சேர்ப்பார். ஜியார்டியா உறை வெளிவந்த கணமே தொற்றக்கூடியது என்பதால், சிகிச்சை நாள்களில், பூனை மலம் கழிக்கும் மணல் தட்டை அன்றாடம் கழுவிக் காயவைக்காவிட்டால் பூனை தன்னிடமிருந்தே மறுபடி தொற்றைப் பெற்றுக்கொள்ளும்.

இரண்டாவது ட்ரைட்ரைக்கோமோனாஸ். பல பூனைகள் சேர்ந்து வளரும் இடத்திலிருந்து வந்த இளம் பூனைகளில் இது அதிகம். பெருங்குடலைத் தாக்குவதால் சிறிது சிறிதாகப் பலமுறை மலம் கழிதல், சளி, புதிய இரத்தம் ஆகியவை தோன்றும். ஆனால் பூனை மற்றபடி துள்ளி விளையாடிக்கொண்டே இருக்கும். நீங்கள் சளியையும் இரத்தத்தையும் குறிப்பிட்டிருப்பதால் இதை நான் முன்னால் வைத்துப் பார்ப்பேன். இதை உறுதி செய்யும் நல்ல வழி, மலத்தில் இந்த உயிரியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை. சாதாரணப் பூச்சி மருந்து எதுவும் இதற்குப் பயன்படாது. ரோனிடசோல் என்ற மருந்து பயன்படும். ஆனால் அது நரம்புகளைப் பாதிக்கக்கூடியது என்பதால் சோதனையில் உறுதியாகாமல் தொடங்கக் கூடாது, மருத்துவரின் கண்காணிப்பின்றியும் கூடாது. சிகிச்சை இல்லாமலே பெரும்பாலான பூனைகளுக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் கழிச்சல் நின்றுவிடுகிறது என்பதையும் சொல்லி, முடிவை உங்களுடன் பேசியே மருத்துவர் எடுப்பார்.

மாதிரி எடுக்கும் முறையைப் பற்றியும் ஒரு சொல். மணல் ஒட்டாத, அன்றைய மலம் ஒரு சிறு நெல்லிக்காய் அளவு போதும். உடனே கொண்டு போக முடியாவிட்டால் மூடிய டப்பாவில் இட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள், உறைய வைக்காதீர்கள். ட்ரைட்ரைக்கோமோனாஸ் மீது ஐயம் இருந்தால் மட்டும் முன்கூட்டியே மருத்துவரைக் கேளுங்கள்; நுண்ணோக்கியில் உயிருடன் பார்க்க வேண்டிய அந்த உயிரி குளிரில் இறந்துவிடும். இறுதியாக, ஒட்டுண்ணி இல்லை என்று முறையாக உறுதியானால் உணவு ஒவ்வாமை, குடல் அழற்சி போன்ற காரணங்களைத் தேட வேண்டுமே தவிர, மேலும் மேலும் பூச்சி மருந்து கொடுப்பதில் பொருளில்லை.

கேள்வி: ஐந்து வயது மகளுக்கு இரவில் ஆசனவாயில் அரிப்பு. கீரிப்பூச்சி என்று மருத்துவர் சொன்னார். பூனையிடமிருந்துதான் வந்திருக்கும் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள்.

பதில்: வந்திருக்காது. கீரிப்பூச்சி மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவுவது. பூனையின் குடலில் அது வாழ்வதில்லை. மருத்துவர் சொன்னபடி வீட்டில் அனைவரும் மருந்து எடுத்துக்கொள்ளுங்கள், குழந்தையின் நகங்களை வெட்டிவிடுங்கள், பூனையின் மேல் விழுந்த பழியை நீக்கிவிடுங்கள்.

கேள்வி: நான் மூன்று மாதக் கர்ப்பிணி. பூனையை வெளியேற்றாவிட்டால் குழந்தைக்கு ஆபத்து என்று மாமியார் அஞ்சுகிறார். அவரை எப்படிச் சமாதானப்படுத்துவது?

பதில்: அவருடைய அச்சத்தில் உண்மை இருக்கிறது, பூனையை வெளியேற்றுவது மட்டும்தான் தேவையற்றது. டாக்சோபிளாஸ்மா என்னும் ஓரணு உயிரி கர்ப்பக் காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால் கருவைப் பாதிக்கலாம். அது தன் கருமுட்டைகளைப் பூனைக் குடும்பத்து விலங்குகளின் மலத்தில்தான் வெளியிடுகிறது. ஆனால் பூனை அவற்றை வெளியிடுவது, பெரும்பாலும் தன் வாழ்நாளில் முதன்முறை தொற்று ஏற்படும்போது, ஒன்று முதல் மூன்று வாரங்கள் மட்டுமே. அதோடு, வெளிவந்த கருமுட்டை தொற்றும் நிலையை அடைய ஒன்று முதல் ஐந்து நாள்கள் ஆகும். அன்றாடம் மணல் தட்டைச் சுத்தம் செய்யும் வீட்டில் இதனால்தான் ஆபத்து மிகவும் குறைகிறது. அந்த வேலையை வேறொருவர் செய்யட்டும். நீங்களே செய்ய நேர்ந்தால் கையுறை அணிந்து, பின் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்காதீர்கள், வேட்டைக்கு விடாதீர்கள்.

பூனைக்கு இரத்தச் சோதனை செய்து, எதிர்ப்பொருள் இருப்பதாக வந்தால் பலர் பதறுகிறார்கள். உண்மையில் அது பெரும்பாலும், அந்தப் பூனை தன் தொற்றுக் காலத்தை ஏற்கெனவே கடந்துவிட்டது என்பதற்கான அடையாளம். உங்களுக்கான சோதனையைப் பற்றி உங்கள் மகப்பேறு மருத்துவரிடமே கேளுங்கள். அரைவேக்காட்டு இறைச்சி, கழுவாத காய்கறி, தோட்டத்து மண் ஆகியவற்றின் வழியாகவும் இத்தொற்று வரும் என்பதை மாமியாரிடம் சொல்லுங்கள். பூனையை மட்டும் வெளியேற்றிவிட்டு இவற்றைக் கவனிக்காமல் இருப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது.

கேள்வி: என் பூனை அடுக்குமாடி வீட்டை விட்டு இறங்கியதே இல்லை. அதற்கும் பூச்சி மருந்து தேவையா?

பதில்: தேவை, ஆனால் குறைவாக. நம் செருப்பில் ஒட்டிய மண்ணோடு முட்டைகள் வரலாம், தெள்ளு வரலாம், வீட்டுக்குள்ளேயே பூனை எலியும் கரப்பானும் பிடிக்கலாம். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை மருந்தோ மலப் பரிசோதனையோ இத்தகைய பூனைக்குப் போதும். வெளியே சுற்றி வேட்டையாடும் பூனைக்கு ஆண்டுக்குக் குறைந்தது நான்கு முறை தேவை. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னும் அடிக்கடி தேவைப்படலாம்.

கேள்வி: மருந்து மாத்திரைகளுக்குப் பதிலாகப் பூண்டு கொடுக்கலாமா? நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்து மீதமிருக்கிறது. அதில் சில சொட்டுகளைப் பூனைக்கு விடலாமா?

பதில்: இரண்டும் கூடாது. பூண்டும் வெங்காயமும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்கும்; புழு போவதற்கு முன் பூனை படுத்துவிடும். நாய்களுக்கான சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. நாய் தாங்கும் அளவில் அது பூனைக்கு நடுக்கத்தையும் வலிப்பையும் உண்டாக்கிக் கொல்லக்கூடியது. ‘சில சொட்டுகள்’ என்ற சிக்கனத்தால் வந்த பூனைகளுக்கு இரவெல்லாம் விழித்திருந்து வலிப்பை அடக்கியிருக்கிறேன். அனைத்தையும் காப்பாற்ற முடிந்ததில்லை. தவறுதலாக விட்டுவிட்டால் உடனே மருத்துவரை அழைத்து, அவர் சொல்லும்படி பாத்திரம் கழுவும் திரவமும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவி, மருந்துறையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: குட்டியின் ஈறு வெளுத்திருக்கிறது, மலம் கறுப்பாகத் தார்போல் போகிறது. மலத்தில் புழு எதுவும் தெரியவில்லை.

பதில்: இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். கொக்கிப்புழு ஒரு சென்டிமீட்டர் அளவே இருக்கும். குடற்சுவரைக் கவ்வி இரத்தம் உறிஞ்சும். மலத்தில் கண்ணுக்குத் தெரியாது. செரித்த இரத்தமே அந்தக் கறுப்பு நிறம். தெள்ளுப்பூச்சிகள் மொய்த்தாலும் குட்டிக்கு இரத்தசோகை வரும் என்பதால் உடம்பையும் சீவிப் பாருங்கள். இந்நிலையில் புழு மருந்து மட்டும் போதாது. குட்டிக்கு வெப்பமும் நீர்ச்சத்தும் சில வேளை இரத்தம் ஏற்றுவதும் தேவைப்படும். இதே புழுவின் இளநிலை ஈர மண்ணிலிருந்து மனிதத் தோலுக்குள் புகுந்து அரிக்கும் கோடுகளாகப் படரக்கூடியது. குட்டி மலம் கழித்த இடத்தில் வெறுங்காலுடன் நடக்காதீர்கள்.

கேள்வி: மாத்திரை கொடுத்தால் என் பூனை வாயில் நுரை தள்ளுகிறது. மருந்து விஷமாகிவிட்டதா?

பதில்: கசப்புதான். பிராசிகுவாண்டல் மிகவும் கசக்கும். நாக்கில் கரைந்ததும் பூனை நுரை தள்ளித் தலையை உதறும், சில நிமிடங்களில் அடங்கிவிடும். மாத்திரையைப் பொடிக்காமல், பூனைக்குப் பிடித்த மென்மையான உணவில் சிறு உருண்டையாகப் பொதிந்து, மருந்தில்லாத உருண்டை ஒன்றை முதலிலும் இன்னொன்றைக் கடைசியிலும் கொடுத்துப் பாருங்கள். வாயைத் திறந்து போட வேண்டியிருந்தால் நாக்கின் அடிப்பகுதியில் வைத்து, உடனே ஊசியில்லாத சிரிஞ்சால் சில மில்லி தண்ணீரைக் கடைவாய் ஓரமாகச் சொட்டுங்கள். உலர்ந்த மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்காமல் இருக்க இது உதவும். எதற்கும் இணங்காத பூனைக்கு, பிடரியில் விடும் சொட்டு வடிவில் உருளைப்புழுவுக்கான எமோடெப்சைடும் பிராசிகுவாண்டலும் கலந்த மருந்து இருக்கிறது. நக்க முடியாத இடமாகப் பார்த்து, மயிரை விலக்கித் தோலின் மேலேயே விட வேண்டும்.